பல்லூடகச் செயற்றிட்டம்: எமது ஊர்ப் பாடலொன்றைக் காணொளியாக்குதல்



தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பல்லூடகம் பற்றிக் கற்கும்போது மாதிரி வீதம், பிரிதிறன், சட்டக வீதம், நெருக்கல் முதலிய சொற்களைச் சந்திக்கின்றீர்கள். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கியவர், வரைவிலக்கணம் கேட்டால் எழுதிவிடுவார். "இந்த ஒலிக்கோப்பின் பருமனைக் காண்க" என்று கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அச்சொற்களை அவர் ஒரு வேலையிற் பயன்படுத்திப் பார்க்காமையே இதற்குக் காரணம்.

ஒரு பாடலை நீங்களே பதிவு செய்து, அதற்குக் காட்சி எடுத்து, தொகுத்துக் காணொளியாக்கிப் பாருங்கள். மேற்கூறிய சொற்கள் யாவும் அந்த வேலையில் ஒவ்வொன்றாக உங்கள் முன் வரும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கோ, தமிழ்த்தின விழாவுக்கோ, மாணவர் மன்றத்துக்கோ இதனை ஒரு செயற்றிட்டமாகச் செய்யலாம். சங்கீதம், நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஆகிய பாடங்களைக் கற்போருக்கும் இது பயன்படும்.

நான் ஒரு கலைப் பட்டதாரி. கணினியைப் பின்னாளில் மாணவரோடு சேர்ந்தே கற்றேன். ஆகையால் இங்கே கூறுபவை யாவும் வவுணதீவில் ஒரு கைத்தொலைபேசியும் ஒரு பழைய கணினியும் கொண்டு செய்யக்கூடியவையே.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால் இயல வேண்டியவை:

- ஒலிக்கோப்பு, காணொளிக்கோப்பு ஆகியவற்றின் பருமனைக் கணித்தல்
- பாடலின் தாளத்துக்கு ஏற்பக் காட்சிகளைத் திட்டமிடுதல்
- ஒலியையும் ஒளியையும் ஒத்திசைத்தல்
- பிறருடைய ஆக்கத்தை அனுமதியுடனும் பெயருடனும் பயன்படுத்துதல்

1. ஏன் எமது ஊர்ப் பாடல்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்கிறோம். கிழக்குக் கரையை எழுவான்கரை என்கிறோம். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்கு வந்தால் நாம் படுவான்கரையில் நிற்கின்றோம். கன்னன்குடா போன்ற எமது அயற்கிராமங்கள் கூத்துக்குப் பெயர் பெற்றவை. வசந்தன், கும்மி, குளுத்திப் பாடல், தாலாட்டு, வயல் வேலைப் பாடல் என்று எத்தனையோ வகைகள் இங்கு உள்ளன.

தி. சதாசிவ ஐயர் 1940 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் திரட்டி நூலாக வெளியிட்டார். அந்நூலினால் பாடல்களின் சொற்கள் எமக்குக் கிடைத்துள்ளன. ஆனால் அச்சிட்ட தாளில் மெட்டு இல்லை. பாடியவரின் குரல் இல்லை. கழி மோதும் ஓசை இல்லை. சுவாமி விபுலாநந்தர் பண்டைத் தமிழரின் யாழைப் பற்றி ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அவர் அந்த இசையைக் காதால் கேட்டிருக்க முடியாது. பழைய இலக்கியங்களையும் கணிதத்தையும் துணைகொண்டே ஆராய வேண்டியிருந்தது. ஒலி பதியப்படாமற் போனால் பிற்காலத்தவருக்கு எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இன்று உங்கள் சட்டைப்பையில் உள்ள கருவி, சொல்லையும் மெட்டையும் பாடுபவரின் முகத்தையும் ஒருங்கே பதியவல்லது. அதனால்தான் சினிமாப் பாடலை விட்டு, ஊர்ப் பாடலையோ நீங்களே இயற்றிய பாடலையோ தெரிவு செய்யுமாறு கூறுகின்றேன்.

2. அனுமதியும் உரிமையும்

பாடலைத் தெரிந்தவுடன் கமராவைத் தூக்க வேண்டாம். முதலில், "இது யாருடைய பாடல்?" என்று கேளுங்கள்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கத்தின் பதிப்புரிமை ஆக்கியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் மேலும் 70 ஆண்டுகளும் காக்கப்படுகிறது. ஒரு சினிமாப் பாடலில் ஓர் உரிமை மாத்திரம் இல்லை. வரிகளுக்கு ஒருவர், மெட்டுக்கு ஒருவர், ஒலிப்பதிவுக்கு ஒருவர், பாடியோருக்கு உரியது வேறு என்று பல உரிமைகள் உள்ளன. வகுப்பறையிற் பாடத்துக்காக ஒரு சிறு பகுதியைக் கேட்பது வேறு. முழுப்பாடலையும் உங்கள் காட்சியோடு இணைத்து இணையத்தில் வெளியிடுவது வேறு.

இயற்றியவர் யாரென்று தெரியாத மரபுப் பாடல்களை நாட்டார் வெளிப்பாடுகள் என இச்சட்டம் தனியாகக் குறிப்பிடுகிறது. "பெயர் தெரியாத பாட்டுத்தானே, யாரும் கேட்கமாட்டார்கள்" என்று எண்ணுதல் தவறு. அது ஓர் ஊருக்குச் சொந்தமானது. உங்களுக்குப் பாடிக் காட்டுபவரின் குரலோ அவருக்கே சொந்தமானது.

அண்மைக்கால உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 2021 மார்ச் மாதம் தமிழகத்தில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் தனிப்பாடல் காணொளி வெளியாகி உலகெங்கும் பார்க்கப்பட்டது. தீ, அறிவு ஆகிய இருவரும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசையிற் பங்குகொண்டார். காணொளியை அமித் கிருஷ்ணன் இயக்கினார். தம் பாட்டி வள்ளியம்மாள் கூறிய கதைகளே பாடலுக்கு ஊற்று என்று அறிவு கூறியுள்ளார். அக்குடும்பத்தினர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர்கள். காணொளியிலும் அப்பாட்டி தோன்றுகிறார். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாததால் பெரிய விவாதம் எழுந்தது. 2022 இல், பாடலில் யாருடைய பங்கு எது என்பது பற்றி ஆக்கியோரே பகிரங்கமாகக் கருத்து வேறுபட்டனர்.

புகழ் பெற்ற கலைஞர்களுக்கே இப்படியாயின், ஊரில் பாடும் ஓர் ஆச்சிக்கோ அண்ணாவியாருக்கோ அவர்தம் பெயரைக் காக்க யார் உளர்? பதிவு செய்யும் நீங்களே அதைச் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை:
(அ) பாடுபவரிடம் நோக்கத்தைக் கூறி அனுமதி பெறுக. வகுப்பில் மட்டும் காட்டப்போகிறீர்களா, இணையத்திலும் இடப்போகிறீர்களா என்பதைத் தெளிவாகச் சொல்லுக.
(ஆ) அனுமதியை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெறுக. அல்லது அவர் வாயாற் கூறுவதைப் பதிவு செய்க.
(இ) 18 வயதுக்குக் குறைந்தோர் காட்சியில் தோன்றினால் பெற்றோரின் சம்மதமும் பெறுக.
(ஈ) கோயிற் சடங்கிற் பாடப்படும் பாடலாயின் அதனை வெளியே பாடலாமா எனக் கேட்டறிக.

3. முதலில் ஒலி

பாடற் காணொளியில் ஒலியே அத்திவாரம். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுப்பார். குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்.

3.1 ஒலி எவ்வாறு இலக்கமாகிறது?

குரல் என்பது வளியில் பரவும் தொடர்ச்சியான அலை. ஒலிவாங்கி அதனை மின் சைகையாக மாற்றுகிறது. கணினிக்குத் தொடர்ச்சியான அலை விளங்காது, எண்களே விளங்கும். ஆகவே குறித்த இடைவெளிகளில் அலையின் உயரம் அளக்கப்பட்டு எண்ணாகப் பதியப்படுகிறது.

மாதிரி வீதம்: ஒரு செக்கனில் எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதாகும்.
பிற்று ஆழம்: ஒவ்வோர் அளவீட்டையும் எழுத எத்தனை பிற்றுகள் பயன்படுகின்றன என்பதாகும்.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைச் சரியாகப் பதிய அதன் மீடிறனின் இருமடங்கிற்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரி எடுக்க வேண்டும். இசைத் தட்டுகளில் 44,100 ஹேர்ட்ஸ் என்னும் வீதம் பயன்பட்டதன் காரணம் இதுவே.

உதாரணம் 1: 3 நிமிடம் 12 செக்கன் நீளமான பாடல், 44,100 ஹேர்ட்ஸ், 16 பிற்று, இரு அலைவரிசைகளில் நெருக்கப்படாமற் பதியப்படுகிறது. கோப்பின் பருமன் என்ன?

நேரம் = 192 செக்கன்
1 செக்கனுக்கு = 44,100 × 16 × 2 = 1,411,200 பிற்றுகள்
8 ஆல் வகுக்க = 176,400 பைற்றுகள்
192 செக்கனுக்கு = 176,400 × 192 = 33,868,800 பைற்றுகள்
1,048,576 ஆல் வகுக்க = ஏறத்தாழ 32.3 மெகாபைற்று

அதே பாடலைச் செக்கனுக்கு 128,000 பிற்று வீதமுடைய எம்பி3 கோப்பாக்கினால் 16,000 × 192 = 3,072,000 பைற்றுகள், அதாவது ஏறத்தாழ 2.9 மெகாபைற்று. பதினொன்றில் ஒரு பங்கு! காது எளிதிற் கவனிக்காத விபரங்களை நீக்குவதாலேயே இது இயலுகிறது. இவ்வகை நெருக்கல் இழப்புள்ள நெருக்கல் எனப்படும். நீக்கியது திரும்ப வராது. எனவே பதிவு செய்யும்போதும் தொகுக்கும்போதும் நெருக்கப்படாத வேவ் கோப்பையே பயன்படுத்துக. முடிவிற் பகிர்வதற்கு மட்டும் எம்பி3 போதும்.

3.2 பதிவு செய்யும்போது

1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், வாவியிலிருந்து எழும் இசை போன்ற ஒலியைத் தாமே கேட்டு எழுதி வைத்தார். படகின் மரத்தில் காதை வைத்தபோது அவ்வொலி மிகுந்து கேட்டது என்கிறார். துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு மறுமுனையிற் காது வைத்துப் பாடும் மீனைக் கேட்கும் வழக்கத்தை நீங்களும் அறிவீர்கள். ஒலி திண்மங்களினூடாக நன்கு செல்லும் என்பதே இதிலுள்ள விஞ்ஞானம்.

இதே விதி உங்களுக்கு இடைஞ்சலாகவும் வரும். கைத்தொலைபேசியை மேசைமீது வெறுமனே வைத்தால், மேசையில் யாரோ விரல் தட்டுவதும் பதிவில் இடியோசையாகக் கேட்கும். மடித்த சேலைத் துண்டின்மேல் வையுங்கள்.

- வாவிக்கரையில் குரலைப் பதிய வேண்டாம். காற்று ஒலிவாங்கியில் மோதும். வீட்டின் உள்ளறையே சிறந்தது. பாய், துணி, மெத்தை உள்ள அறையில் எதிரொலி குறையும்.
- மின்விசிறியை நிறுத்துக. தொலைபேசியை அழைப்பு வராத நிலையில் வைக்குக.
- வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் தொடக்கம் ஒரு முழம் வரை தூரம் இருக்கட்டும். நேர் எதிரே வையாது சற்றுப் பக்கமாக வைத்தால் மூச்சுக்காற்று மோதாது.
- மத்தளமும் சல்லரியும் குரலை மூழ்கடிக்கும். அவற்றைப் பாடகரிலும் பார்க்கத் தூரத்தில் அமர்த்துக; அல்லது தனியாகப் பதிக.
- ஒலிமட்டம் உச்சத்தைத் தொட்டால் அலையின் முனைகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க முடியாது.
- தொடங்குமுன் 10 செக்கன் யாவரும் மௌனமாக இருங்கள். அந்த வெற்றொலியை மாதிரியாகக் கொண்டு 'ஓடாசிற்றி' போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கலாம்.
- பதிவானதை அவ்விடத்திலேயே காதொலிக் கருவியிற் கேட்டுப் பார்த்த பின்னரே எழும்புக.

ஓர் அனுபவம்: சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பு மாணவர் சிலரோடு ஒரு வயோதிப அண்ணாவியாரின் வீட்டுக்குப் போனேன். முற்றத்து மரநிழலில் அமர்ந்து ஒரு மணித்தியாலம் பாடினார். நாங்கள் பாட்டில் மயங்கி, பதிவைக் கேட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டால் முக்கால்வாசியும் காற்றின் இரைச்சல். திரும்பவும் பாடித் தரக் கேட்டோம். "வெட்டு முடியட்டும், வாங்க புள்ளையள்" என்றார். வெட்டு முடிந்தது. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இருந்த பதிவையாவது பத்திரப்படுத்தினோமா என்றால், அதுவும் இல்லை. அந்த நினைவக அட்டையை வேறொரு தேவைக்காக நானே அழித்திருந்தேன். ஒரு மாணவியின் தொலைபேசியில் எஞ்சியிருந்த 40 செக்கன் மட்டுமே இன்று உள்ளது.

இப்பாடத்திலுள்ள ஒவ்வொரு விதியும் அந்தப் பிழைகளிலிருந்து நான் கற்றதே.

4. காட்சித் திட்டம்

ஒலி தயாரானபின் பாடலைத் தாளம் போட்டு எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று தெரிந்தால் ஒவ்வொரு காட்சியின் நீளத்தையும் கடதாசியிலேயே தீர்மானிக்கலாம்.

உதாரணம் 2: பாடலில் நிமிடத்துக்கு 75 தட்டுகள். சட்டக வீதம் செக்கனுக்கு 25.

ஒரு தட்டு = 60 ÷ 75 = 0.8 செக்கன் = 20 சட்டகங்கள்
8 தட்டுக் கொண்ட ஓர் அடி = 6.4 செக்கன் = 160 சட்டகங்கள்
192 செக்கன் பாடலில் = 192 ÷ 6.4 = 30 அடிகள்

காட்சி மாறும் இடம் தட்டின் மீது விழுந்தால் பார்ப்பவருக்கு இதமாக இருக்கும். தட்டுக்கு அரைச் செக்கன் முன்னோ பின்னோ விழுந்தால், காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ குறை என்று உணர்வார். எனவே 20 இன் மடங்குகளில் வெட்டுங்கள்.

மாதிரிக் காட்சிப் பட்டியல் (முதல் 5 அடிகள்):
அடி 1: தூரக்காட்சி. விடியற்கால வாவியும் ஒரு தோணியும். 6.4 செக்கன்.
அடி 2: அண்மைக்காட்சி. மத்தளத்தின் மீது விரல்கள். 3.2 செக்கன். பின் சலங்கை கட்டிய கால். 3.2 செக்கன்.
அடி 3, 4: நடுத்தரக்காட்சி. பாடுபவர், இடுப்பிலிருந்து மேல். 12.8 செக்கன்.
அடி 5: அண்மைக்காட்சி. கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனின் முகம். 6.4 செக்கன்.

பாடுபவரின் முகத்தைக் காட்டும் காட்சியை நீளமாக விடுக. அடிக்கடி வெட்டினால் அவரது முகபாவம் கெட்டுவிடும்.

5. ஒளிப்பதிவு

5.1 சூரியன் எங்கே?

எழுவான், படுவான் என்னும் சொற்களே உங்களுக்கு ஒளியமைப்பைக் கற்பிக்கின்றன. வவுணதீவுப் பக்கக் கரையில் நின்று வாவியை நோக்கினால் நீங்கள் பார்ப்பது கிழக்கு. காலையில் சூரியன் வாவிக்கு அப்பால் எழுவதால், வாவியைப் பின்னணியாகக் கொண்டு நிற்பவரின் முகம் இருண்டு நிழலுருவாகவே தெரியும். தோணியையும் வலை வீசுபவரையும் நிழலுருவாகக் காட்ட இது நல்ல நேரம். பாடுபவரின் முகம் தெரிய வேண்டுமாயின் மாலை 4 மணிக்குப் பின் வாருங்கள். அப்போது சூரியன் கமராவின் முதுகுப்புறம் இருந்து அவர் முகத்தில் ஒளியிடும். நண்பகல் வெயிலில் கண்களின் கீழ் கருநிழல் விழும்; அந்நேரம் எடுப்பதைத் தவிர்க்குக.

5.2 அமைப்புகள்

தொலைபேசியைக் கிடையாகப் பிடியுங்கள். 1920 × 1080 பிரிதிறன் போதும். சட்டக வீதம் எல்லாக் காட்சிகளுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். எமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். குழல்விளக்கின் கீழ் செக்கனுக்கு 30 சட்டகம் எடுத்தால் படம் சிமிட்டக்கூடும். 25 சட்டகம் எடுத்தால் அது குறையும். உங்கள் தொலைபேசியில் 25 இல்லாவிட்டால் பகல் ஒளியில் எடுங்கள்.

உதாரணம் 3: 1920 × 1080 பிரிதிறனும், ஒரு படப்புள்ளிக்கு 3 பைற்றும், செக்கனுக்கு 25 சட்டகமும் கொண்ட 192 செக்கன் காணொளி நெருக்கப்படாவிட்டால் எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஒரு சட்டகம் = 1920 × 1080 × 3 = 6,220,800 பைற்றுகள்
1 செக்கன் = 6,220,800 × 25 = 155,520,000 பைற்றுகள்
192 செக்கன் = 29,859,840,000 பைற்றுகள் = ஏறத்தாழ 27.8 கிகாபைற்று

மூன்று நிமிடப் பாடலுக்கு இவ்வளவு இடமா? செக்கனுக்கு 8,000,000 பிற்று வீதத்தில் நெருக்கினால் இது 192,000,000 பைற்றுகளாக, ஏறத்தாழ 183 மெகாபைற்றாகக் குறையும். அடுத்தடுத்த சட்டகங்களில் மாறாத பகுதிகளை (வானம், மரம், சுவர்) திரும்பத் திரும்ப எழுதாமல் மாறிய பகுதிகளை மட்டும் எழுதுவதே இதன் முக்கிய உபாயம். கமரா நடுங்கினால் படம் முழுவதும் மாறும். நெருக்கலின் தரமும் குறையும். தொலைபேசியைக் கதிரையிலோ மூன்று செங்கல்லின் மீதோ நிறுத்தி எடுப்பதன் நன்மை இப்போது விளங்குகிறதா?

5.3 வாயசைப்பு

வெளியில் எடுக்கும்போது, முன்பே பதிந்த பாடலைச் சிறிய ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பாடுபவரையும் கூடவே பாடச் செய்யுங்கள். வெறுமனே வாயை அசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, பொய் தெரிந்துவிடும். கமராவிலும் ஒலி பதியட்டும். அது வழிகாட்டி ஒலி எனப்படும், தொகுத்தபின் நீக்கப்படும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒருமுறை பலமாகக் கைதட்டுக.

பாதுகாப்பு: தோணியில் எடுப்பதாயின் பெரியவர் துணையும் உயிர்காப்பு அங்கியும் கட்டாயம். பாலத்தின் வாகனப் பாதையில் நின்று எடுக்க வேண்டாம். ஆளில்லாப் பறக்கும் கமராவுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிமுறைகள் உள்ளன. அனுமதியின்றிப் பறக்கவிட வேண்டாம்.

6. தொகுத்தல்

பழைய வினாத்தொகுப்புகளில் 'விண்டோஸ் மூவி மேக்கர்' என்னும் பெயரைக் காண்பீர்கள். 2000 ஆம் ஆண்டில் அறிமுகமான அம்மென்பொருளை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2017 சனவரியில் நிறுத்திவிட்டது. இப்போது 'ஓப்பின்சொற்', 'சொற்கற்' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. எதை எடுத்தாலும் வேலைமுறை ஒன்றே:

படி 1: தூய ஒலிக்கோப்பைக் காலக்கோட்டின் கீழ்த் தடத்தில் இடுக. இனி அதனை அசைக்கக்கூடாது.
படி 2: காட்சிகளை மேல் தடத்தில் இடுக. கைதட்டல் எழுப்பிய கூரிய அலைமுனையைப் படத்திற் கைகள் சேரும் சட்டகத்தோடு பொருத்துக. பின்னர் வழிகாட்டி ஒலியின் அலைவடிவைத் தூய ஒலியின் அலைவடிவோடு பொருத்துக.
படி 3: காட்சிகளைத் தட்டுக்கு வெட்டுக.
படி 4: வழிகாட்டி ஒலியை நீக்குக.
படி 5: தலைப்பையும் பெயர்ப்பட்டியலையும் ஒருங்குறித் தமிழ் எழுத்தில் இடுக.
படி 6: எம்பி4 கோப்பாக ஏற்றுமதி செய்க.

உதாரணம் 4: தோணியில் நின்று ஒருவர் கைதட்டுகிறார். கமரா 70 மீற்றர் தூரத்திற் கரையில் உள்ளது. ஒலி எத்தனை சட்டகம் பிந்திப் பதியும்? (எமது வெப்பநிலையில் வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் எனக் கொள்க.)

நேரம் = 70 ÷ 350 = 0.2 செக்கன்
சட்டகங்கள் = 0.2 × 25 = 5

தோணிக்காரர் துடுப்பைத் தட்டிய பின்னரே சத்தம் கரைக்கு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே பிந்தல்தான் இது. 14 மீற்றருக்கு ஒரு சட்டகம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூரக்காட்சிகளில் அலைவடிவை மட்டும் நம்பாது, படத்தில் இரு கைகளும் சேரும் சட்டகத்தைப் பார்த்தே பொருத்த வேண்டும்.

7. சேமித்தலும் பெயரிடுதலும்

மூன்று பிரதிகள் வைத்திருங்கள். ஒன்று கணினியில், ஒன்று வேறொரு சேமிப்பகத்தில் (பேனாச் செலுத்தி போன்றது), ஒன்று வேறோர் இடத்தில் (நண்பர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ). வெள்ளம் வரும் மாவட்டம் இது. மூன்று பிரதியையும் ஒரே அலுமாரியில் வைப்பதாற் பயனில்லை. மூன்றாவது பிரதி உறுதியாகும் வரை நினைவக அட்டையை அழிக்கக்கூடாது.

கோப்பின் பெயரில் திகதி, ஊர், பாடல் வகை ஆகியன இருக்கட்டும். 'புதியது 1', 'புதியது 2' என்று பெயரிட்டால் ஆறு மாதத்தின் பின் உங்களுக்கே விளங்காது.

பெயர்ப்பட்டியலில் இடம்பெற வேண்டியவை: பாடியவர், வாத்தியக்காரர், பாடலைக் கற்றுக் கொடுத்தவர், ஊர், பதிந்த திகதி, ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, தொகுப்பு. பாடியவரின் பெயர் முதலில் வருக. தொகுத்தவரின் பெயர் கடைசியில் வருக. முடிந்த காணொளியின் பிரதியொன்றைப் பாடியவரின் குடும்பத்துக்குக் கொடுத்த பின்னரே பிறருக்குக் காட்டுக.

நினைவிற் கொள்க

- இழப்புள்ள நெருக்கலில் நீக்கிய தரவு மீளாது.
- ஒலிக்கோப்பின் பருமன் (பிற்றுகளில்) = மாதிரி வீதம் × பிற்று ஆழம் × அலைவரிசை × நேரம்.
- ஒரு தட்டுக்குரிய சட்டகங்கள் = (60 ÷ நிமிடத் தட்டுகள்) × சட்டக வீதம்.
- அலகுகளை மாற்றும்போது முதலில் 8 ஆல் வகுத்துப் பைற்றாக்குக. இதனை மறப்பதே மாணவர் விடும் பொதுப் பிழை.

மாதிரி வினாக்கள்

பகுதி அ: சரியான விடையைத் தெரிவு செய்க.

1. ஒரு செக்கனில் ஒலி அலை எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதைக் குறிப்பது
(1) பிரிதிறன் (2) மாதிரி வீதம் (3) சட்டக வீதம் (4) பிற்று ஆழம்

2. 1280 × 720 பிரிதிறனுடைய ஒரு சட்டகத்திலுள்ள படப்புள்ளிகள்
(1) 2,000 (2) 92,160 (3) 921,600 (4) 2,073,600

3. தொகுக்கும் வேலை முடியும்வரை ஒலியைச் சேமிக்க மிகப் பொருத்தமானது
(1) எம்பி3 (2) எம்பி4 (3) ஜேபெக் (4) வேவ்

பகுதி ஆ: கட்டமைப்பு வினா

ஒரு தாலாட்டு 44,100 ஹேர்ட்ஸ், 16 பிற்று, ஓர் அலைவரிசையில் 1 நிமிடம் பதியப்பட்டது. அதன் தாளம் நிமிடத்துக்கு 60 தட்டுகள். காணொளி செக்கனுக்கு 25 சட்டகம்.
(i) நெருக்கப்படாத ஒலிக்கோப்பின் பருமனை மெகாபைற்றிற் காண்க.
(ii) ஒரு தட்டுக்கு எத்தனை சட்டகங்கள்?
(iii) கமரா 42 மீற்றர் தூரத்தில் இருப்பின் ஒலி எத்தனை சட்டகம் பிந்தும்?
(iv) தாலாட்டைப் பாடியவர் உங்கள் அயல்வீட்டு ஆச்சி. காணொளியை இணையத்தில் இடுமுன் நீங்கள் செய்யவேண்டிய இரண்டினைக் குறிப்பிடுக.

விடைகள்

பகுதி அ: 1 - (2), 2 - (3), 3 - (4).

பகுதி ஆ:
(i) 44,100 × 16 × 1 × 60 ÷ 8 = 5,292,000 பைற்றுகள்; ஏறத்தாழ 5.05 மெகாபைற்று.
(ii) (60 ÷ 60) × 25 = 25 சட்டகங்கள்.
(iii) 42 ÷ 350 = 0.12 செக்கன், 0.12 × 25 = 3 சட்டகங்கள்.
(iv) இணையத்தில் வெளியிடுவது பற்றிக் கூறி அவரது அனுமதியைப் பெறுதல். பாடியவர் என அவரது பெயரைக் காணொளியிற் சேர்த்தல். ("நன்றி" என்று மட்டும் எழுதினாற் போதாது. யாருக்கு, எதற்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும்.)

மாணவர்களே, மேலே கூறிய அண்ணாவியாரின் 40 செக்கனையும் நாங்கள் வீணாக்கவில்லை. அடுத்த ஆண்டு மாணவர் செய்த காணொளியின் தொடக்கத்தில் அதனை வைத்து, கறுப்புத் திரையில் அவர் பெயரை மட்டும் இட்டார்கள். முதலில் அவருடைய மனைவிக்கே போட்டுக் காட்டினோம். பார்த்து முடித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "இன்னொருக்காப் போடுங்க மனே" என்றார்.

இந்த வாரமே உங்கள் வீட்டிலோ அயலிலோ பாடத் தெரிந்த மூத்தவர் யாரென்று கேட்டறியுங்கள். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நீங்கள் கணக்குப் பார்க்கலாம். அவர்களுடைய விடயத்தில் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம்.